கூரைக்கென்று ஒரு பெட்டி

மேலகரத்திலிருந்து தென்காசிக்குப் போகும்போதெல்லாம் காசி விசுவநாதர் கோயிலின் கோபுரத்தை அண்ணாந்து பார்க்காமல் நான் கடந்ததில்லை. 15-ஆம் நூற்றாண்டில் அந்தக் கோயிலை எடுப்பித்த பராக்கிரம பாண்டியன், பிற்காலத்தில் அதற்கு ஏதேனும் குறை நேருமாயின் அதை நேர்செய்து காப்பாற்றுகிறவர் எவராயினும் அவரைத் தான் உலகறியப் பணிவதாகச் செய்யுளாக்கிக் கல்லிலே வெட்டிவைத்துப் போனான். அவன் நினைத்தபடியே குறை நேர்ந்தது. கோபுரம் பழுதுற்று நெடுங்காலம் மொட்டையாக நின்று, 1990-இல்தான் மறுபடியும் குடமுழுக்குக் கண்டது. நான் தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தவன்; என் வழிபாடு வேறு. ஆயினும், ஓர் ஆலயத்தைக் கட்டுவதைக் காட்டிலும் கட்டியதைக் காப்பது அரிய கைங்கரியம் என்பதை எனக்குப் போதித்தது அந்தச் சைவ மன்னனின் சாசனமே; எங்கள் கிராமத்து ஆலயங்களின் வரவையும் செலவையும் பற்றி எழுத உட்காரும்போது அதுவே முதலில் வந்து நிற்கிறது.

திருநெல்வேலிச் சீமையின் கிறிஸ்தவ ஆலயங்கள் முழுவதும் அந்நியர் பணத்தில் எழும்பியவை என்றோர் அபிப்பிராயம் பரவலாக உண்டு. அது பாதி உண்மைதான். 1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்த மிஷனெரி ரேனியஸ் ஐயர், மதம் மாறியதற்காக ஊரைவிட்டுத் துரத்தப்பட்டவர்களுக்கு நிலம் வாங்கிக் குடியமர்த்தும் பொருட்டு 1830-இல் தர்ம சங்கத்தை ஸ்தாபித்தபோது, அதற்கு நம் ஜனங்களும் தங்கள் கைப்பொருளைக் கொடுத்தார்கள். பின்னர் லண்டனிலிருந்து மிஷன் காரியங்களை நடத்திய ஹென்றி வென், ஒவ்வொரு சபையும் தன் செலவைத் தானே தாங்கி, தன்னைத் தானே நிர்வகித்து, தன் சுவிசேஷத்தைத் தானே பரப்ப வேண்டும் என்று கொள்கை வகுத்தார். அந்தக் கொள்கை இந்த மண்ணில் எவ்வளவு ஆழமாக வேரூன்றியது என்பதற்கு 1903-இல் பாளையங்கோட்டையில் தோன்றிய இந்திய மிஷனெரி சங்கமே சாட்சி. வெள்ளாளன்விளை என்னும் சிற்றூரில் ஒரு குருவானவருக்கு மகனாகப் பிறந்த அசரியா முதலியோர் தொடங்கிய அச்சங்கம், இந்தியரின் பணம், இந்தியரின் உழைப்பு, இந்தியரின் நிர்வாகம் என்ற மூன்றையே ஆதாரமாகக் கொண்டு தெலுங்கு நாட்டுக்கு ஊழியரை அனுப்பிற்று. செல்வந்தர் சிலர் இருந்தார்கள் என்பது மெய். ஆனால் அந்த உற்சாகத்தைத் தாங்கி நின்றது கிராமத்து அடுப்பங்கரையில் இருந்த பிடியரிசிப் பானை.

பிடியரிசி என்பது என்னவென்று இக்காலத்து இளைஞர் பலருக்குத் தெரியாது. உலைக்கு அரிசி களையுமுன் வீட்டுத் தாய் ஒரு கைப்பிடியை எடுத்துத் தனிப் பானையில் போட்டு வைப்பாள். அது சேர்ந்து ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்கு வரும். நான் எங்கள் சிற்றாலயத்தில் பொருளாளனாக இருந்த மூன்று ஆண்டுகளில், ஆராதனை முடிந்த பிறகு அந்த அரிசியைப் படியால் அளப்பதும், காணிக்கைப் பையைப் பாயில் கொட்டி இருவர் எதிரில் எண்ணுவதும் என் வேலை. புழுங்கலும் பச்சையும், மட்டரகமும் சன்னரகமும், ரேஷன் அரிசியும் கலந்து ஒரே பெட்டியில் கிடக்கும். பீடி சுற்றிப் பிழைக்கும் ஒரு பாட்டி, வாரச் சம்பளம் வாங்கிய மறுநாளே தன் சங்கக் காணிக்கையை, அதாவது சபை அங்கத்தினர் சந்தாவை, மடித்த தாளாகக் கொண்டுவந்து, சுளவிலிருந்து ஒட்டிவந்த புகையிலைத் தூளை விரலால் தட்டிவிட்டுக் கொடுப்பார். ஒருநாள் அவர், “ஐயா, போன வருசம் ஓடு மாத்தணும்னு வாங்குனீகளே, மாத்தியாச்சா?” என்று கேட்டார். மாற்றவில்லை. அந்தப் பணம் பண்டிகைப் பந்தலுக்கும் ஒலிபெருக்கிக்கும் போய்விட்டது. திருட்டு இல்லை, மோசடி இல்லை. முறைப்படி தீர்மானம் எழுதித்தான் செலவழித்தோம். ஆனாலும் அந்தக் கேள்விக்கு என்னால் முகம் நிமிர்ந்து பதில் சொல்ல முடியவில்லை. இக்கட்டுரைக்குக் காரணம் அந்தக் கேள்விதான்.

எங்கள் பக்கத்தில் கூரை என்பது சாதாரண விஷயம் அன்று. குற்றாலத்தில் சீசன் என்று ஊரார் கொண்டாடும் ஆனி, ஆடி மாதங்களின் சாரல், அருவிக்கு மாத்திரம் வருவதில்லை. மேலகரத்துச் சுவர்களுக்கும் ஓடுகளுக்கும் வருகிறது. அது பெருமழையாகக் கொட்டிவிட்டு ஓய்வதும் இல்லை. நாளெல்லாம் பூந்தூறலாக விழுந்து, காற்றோடு ஓட்டின் இடுக்கில் புகுந்து, கைமரத்தை உள்ளுக்குள்ளேயே நனைத்துக்கொண்டிருக்கும். அது காயுமுன்னே ஐப்பசியும் கார்த்திகையும் வடகிழக்கு மழையோடு வந்துவிடும். நனைந்த மரத்தைக் கறையான் தேடிக்கொள்ளும். ஓர் ஓடு விலகியிருக்கும்போதே ஏணி வைத்து ஏறினால் ஒரு கொத்தனாரின் அரைநாள் கூலியோடு முடிகிற காரியம், மூன்று வருஷம் கழித்துக் கைமரம் முழுவதையும் பிரித்துப் போட வேண்டிய பெருஞ்செலவாகிவிடுகிறது. பழைய சுண்ணாம்புச் சுவர்களின் கதை இன்னும் பரிதாபமானது. ஈரத்தை உள்வாங்கி மறுபடி வெளியே விடுவது சுண்ணாம்பின் சுபாவம். அழகுபடுத்துகிறோம் என்று அதன்மேல் சிமெண்டைப் பூசினால் உள்ளே புகுந்த ஈரம் வெளியேற வழியின்றிச் சுவரையே அரித்துவிடுகிறது. நூறு வருஷம் நின்ற சுவர், நாம் அன்போடு பூசிய பூச்சினாலேயே உதிர்வதைக் கண்ணாரப் பார்த்திருக்கிறேன்.

பராமரிப்புக்குப் பணம் கேட்டால் வராது. புதுக் கோபுரத்துக்கும் வளைவுக்கும் கேட்டால் வரும். ஏனெனில் வளைவில் உபயகாரர் பெயரைக் கருங்கல்லில் பொறிக்கலாம். மாற்றிய ஓட்டில் யார் பெயரையும் பொறிக்க முடியாது. இதற்காக வெளியூரில் சம்பாதித்து ஊர் நினைவோடு அனுப்புகிற நம் பிள்ளைகளை நான் குறைசொல்லமாட்டேன். கேட்கிற நாம் எதைக் கேட்கிறோமோ அதைத்தான் அவர்கள் கொடுக்கிறார்கள். பழையதை இடித்துப் புதிதாய்க் கட்டும் ஆசையும் இதன் தொடர்ச்சியே. ராபர்ட் கால்டுவெல் ஐயர் 1847-இல் தொடங்கிய இடையன்குடி ஆலயம் 1880-இல்தான் பிரதிஷ்டையாயிற்று. முப்பத்துமூன்று வருஷம் பொறுத்துக் கட்டிய தலைமுறையின் சந்ததியார், ஒரே ஆண்டில் இடித்து ஒரே ஆண்டில் எழுப்பத் துடிப்பது எனக்கு வேதனையாக இருக்கிறது.

வருமானத்துக்கு வேறொரு வழி அறுப்பின் பண்டிகை. வாழைத்தார், பூசணி, தேங்காய், கோழி, ஆட்டுக்குட்டி என்று அவரவர் விளைவில் முதற்பலனை வைப்பார்கள். ஆராதனைக்குப் பின் ஏலம். பூசணிக்காயை ஏலத்தில் எடுத்தவர் அதைத் திரும்பவும் ஆலயத்துக்கே கொடுக்க, அது மறுபடி ஏலம் போக, இப்படி ஒரே காய் நாலைந்து கை மாறுவதையும், சின்னப் பிள்ளைகள் கூடவே கூவுவதையும் பார்த்தால், அந்த ஒருநாளைக்காகவே ஊர் வருஷமெல்லாம் காத்திருக்கலாம் என்று தோன்றும். பொது விருந்தாகிய அசனமும் அப்படித்தான். வீட்டுக்கு வீடு அரிசியும் காசும் தண்டி, பெரிய வட்டா வைத்து, விடிய விடிய ஆடவர் சமைத்துப் போடும் அந்தச் சோற்றுக்கு இந்து என்றும் முஸ்லிம் என்றும் பாராமல் சுற்றுவட்டாரம் முழுவதும் வந்து பந்தியில் உட்காருகிறது. ஆகவே அசனத்தைக் குறைத்து மிச்சம் பிடிக்க வேண்டும் என்று சொல்லும் சிக்கனவாதிகளோடு எனக்கு உடன்பாடு இல்லை. பக்கத்து வீட்டானோடு ஒரே இலை வரிசையில் உட்காராத சபைக்குக் கூரை இருந்தென்ன, இல்லாவிட்டால் என்ன?

எனக்குள்ள மனக்குறை கணக்கைப் பற்றியது. 1947-இல் தென்னிந்தியத் திருச்சபை ஐக்கியமானது முதல், ஆலயத்தின் நிலமும் கட்டடமும் சட்டப்படி பொதுவான அறக்கட்டளைச் சங்கத்தின் பெயரில் இருக்கின்றன; குருவானவருக்குச் சம்பளம் பேராயரின் கீழுள்ள திருமண்டலத்திலிருந்து வருகிறது; அதற்காக, பல சபைகள் சேர்ந்த சேகரம் தன் பங்கைக் கட்டுகிறது. இவை நல்ல ஏற்பாடுகளே. ஆனால், இதன் பயனாகக் கிராமத்து விசுவாசிக்கு, தான் கொடுத்த பிடியரிசி எங்கே போயிற்று என்பது கண்ணுக்குத் தெரியாமற் போய்விட்டது. மூன்றாண்டுக்கொரு முறை தேர்தல் வருகிறது. அப்போது சங்கக் காணிக்கைப் பாக்கியைப் பார்த்து ஓட்டுரிமையைச் சரிபார்க்கிறோமே தவிர, அந்தக் காணிக்கை என்னவாயிற்று என்று வாசித்துச் சொல்வதில்லை. கட்சி பிரிகிறது, வழக்கு நீதிமன்றம் போகிறது, வழக்குச் செலவும் காணிக்கையிலிருந்தே போகிறது. அத்தனைக்கும் ஆரம்பம், ஒரு சாதாரண நோட்டுப் புத்தகம் பூட்டிய அலமாரியில் இருந்ததுதான்.

ஆதலால், எங்கள் பக்கத்துச் சபைக் கமிட்டிகளிடம் மூன்றே விண்ணப்பம் செய்துகொள்கிறேன். மாதக் கடைசி ஞாயிற்றில் ஆசீர்வாதத்துக்கு முன்னே வரவையும் செலவையும் எழுத்துக்கூட்டி வாசிக்கிற பாட்டிக்கும் விளங்குமாறு உரக்கப் படியுங்கள். காணிக்கையில் பத்தில் ஒன்றைக் கூரைக்கென்று தனிப்பெட்டியில் போட்டு, அதன் சாவி இரண்டில் ஒன்றைக் கமிட்டியில் இல்லாத ஒரு பெண்மணியிடம் ஒப்படையுங்கள். அடுத்த சாரலுக்கு முன்பாக, வைகாசியிலேயே ஏணி வைத்து ஏறிப் பாருங்கள்.