முன்னிருப்பும் பொறுப்பும்

வீடு கட்டியவன் வைத்த சன்னல் வழியாகவே பின்னாளில் குடிவருவோர் ஒளி பெறுகின்றனர். இணையத்தள வடிவமைப்பும் அத்தகையதே. 'தீம்' என வழங்கும் ஆயத்த வடிவமைப்பில் எழுத்துரு, எழுத்தளவு, வரி இடைவெளி, வண்ணம் ஆகியன முன்னரே குறிக்கப்பட்டிருக்கும். தளத்தார் மாற்றாதவரை அவையே நிலைபெறும். இவற்றை முன்னிருப்பு அமைப்புகள் என்பர்.

2003ஆம் ஆண்டு வெளிவந்த வேர்டுபிரஸ் மென்பொருளுக்கான தீம்கள் பலவும் ரோமன் எழுத்தை மனத்திற்கொண்டு அமைந்தவை. தமிழின் இயல்போ வேறு. 'கி' என்பதில் மேல்விலங்கு உயரும். 'பு', 'சு' என்பவற்றில் கீற்று கீழே தாழும். வரி இடைவெளி குறுகினால் மேல்வரியின் தாழ்ந்த கீற்றும் கீழ்வரியின் மேல்விலங்கும் முட்டிக்கொள்ளும். கண்பார்வை குன்றிய முதியோர் படும் இடர்ப்பாடு சொல்லுந்தரமன்று. ஆதலின், தமிழுக்கேற்ற புதிய முன்னிருப்புகளைச் சேர்த்தல் இன்றியமையாதது என்பதே நம் கருத்து.

எனினும் முறையறிந்து சேர்த்தல் வேண்டும். மூலத் தீமின் கோப்புகளைத் திருத்தினால், அடுத்த புதுப்பிப்பில் அத்திருத்தம் அழிந்துபோகும். 'சைல்டு தீம்' எனும் சேய் வடிவமைப்பில் எழுதினால் அது நிலைத்து நிற்கும். 2021இல் வந்த 5.8ஆம் பதிப்பு முதல் 'தீம்.ஜேசன்' என்னும் கோப்பில் இவற்றைக் குறிக்கலாம். மென்பொருளின் அமைப்பைத் தாய்த் தீமும், அதனைச் சேய்த் தீமும் மேவும்; தளத்தார் தாமே தேர்ந்தது அனைத்தையும் மேவும்.

இவ்வரிசையில் ஓர் அறம் உண்டு. ஒருவர் தேர்வு செய்யாத இடத்தை நிரப்புவதே முன்னிருப்பின் கடமை. புதிய மதிப்பைத் தரவுத்தளத்தில் நேரே எழுதி, முன்பே தேர்ந்தவரின் விருப்பத்தை அழித்தல் முறையன்று.

தேர்வே செய்யாதிருந்த பழைய தளங்களை என் செய்வது? 'மாற்றினால் பழகிய தோற்றம் கெடும்' என்பார் உளர். அவர் கூற்றிலும் நியாயம் உண்டு. வண்ணம், அணி முதலியவற்றைப் புதிய தளங்களுக்கு மட்டும் வைக்கலாம். படிப்பதற்கு இன்றியமையாத வரி இடைவெளியையோ, முன்னறிவிப்புடன் எல்லாத் தளங்களுக்கும் வழங்குதலே தக்கது.

தமிழ் பயிலும் மாணவர்கள் இத்துறையில் புகுதல் வேண்டும். விலங்கும் கொம்பும் எவ்வளவு இடம் வேண்டும் என்பதைத் தமிழெழுத்தின் இயல்பறிந்தவர் சொன்னாலன்றி, நிரல் எழுதுவோர் எங்ஙனம் அறிவர்?