இயங்குதளமும் பாயிரமும்

தமிழ் பயிலும் மாணவர் கணினியைப் பற்றி எழுதப் புகுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதை ஒக்கும் என நண்பர் சிலர் நகைத்தல் கூடும். நகைக்கட்டும். ஈண்டு நாம் ஆராயப் புகும் விஷயம் பொறியைப் பற்றியதன்று. ஒரு நூல் யாருடையது என்னும் வினாவைப் பற்றியது. அவ்வினாவை நம் முன்னோர் நெடுங்காலம் ஆராய்ந்து, முதனூல், வழிநூல், சார்புநூல் என வகுத்துச் சென்றனர். ஆதலின் இத்துறையில் ஒரு சொல் சொல்லும் உரிமை தமிழ் மாணவர்க்கும் உண்டு.

சிறு கணினிகளின் இயங்குதளம் எவ்வாறு தோன்றிற்று என வினவின், நம் மாணவருள் பெரும்பாலார் கூறும் விடை ஒன்றே: ‘டாஸ் என்பதனை மைக்ரோசாப்டின் பில் கேட்ஸ் 1981-இல் உண்டாக்கினார், கேரி கில்டால் என்பார் ஒருவர் ஐ.பி.எம். நிறுவனத்தார் வீடு தேடி வந்த நாளில் விமானம் ஓட்டி விளையாடச் சென்றமையால் பெருஞ்செல்வத்தை இழந்தார்.’ இக்கதையின் முற்பகுதியும் பிழை, பிற்பகுதியும் பிழை. எனினும் கேட்பதற்கு இனிதாயிருத்தலின் நிலைத்துவிட்டது.

கில்டால் 1942-இல் அமெரிக்க நாட்டுச் சியாட்டில் நகரிற் பிறந்தவர். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றவர். கலிபோர்னியாவின் மான்டெரி நகரில் கடற்படையினர்க்கான மேற்படிப்புக் கல்லூரியில் ஆசிரியராயிருந்தவர். இன்டெல் நிறுவனத்தின் நுண்செயலிகளுக்கென 1973-இல் பி.எல்./எம். என்னும் நிரல் மொழியை அமைத்துக் கொடுத்தார். அக்காலத்தில் அச்சிறு சில்லினை ஒரு முழுக் கணினியாக எண்ணியவர் மிகச் சிலரே. கில்டால் கையில் ஒரு நெகிழ்வட்டு இயக்கி இருந்தது. ஆனால் அதனைச் செயலியோடு இணைக்கும் கருவியை அமைக்க அவரால் இயலவில்லை. நண்பர் ஜான் டொரோடு அதனை அமைத்துத் தர, 1974-இல் பசிபிக் குரோவ் என்னும் சிற்றூரில் அவ்வட்டு முதன்முறை இயங்கிற்று. வட்டில் 77 தடங்கள். தடம் ஒன்றுக்கு 26 பகுதிகள். பகுதி ஒன்றில் 128 பைட்டுகள். ஏறக்குறைய 2,50,000 எழுத்துகள் அடங்கும் இடம். இன்று கைப்பேசியில் எடுக்கும் நிழற்படம் ஒன்றுக்கும் அது போதாது. அவ்வட்டில் கோப்புகளுக்குப் பெயரிட்டு, எழுதி, தேடி எடுத்துத் தரும் நிரலுக்கு அவர் இட்ட பெயர் சிபி/எம். இன்டெல் நிறுவனம் பி.எல்./எம். மொழியை விரும்பி ஏற்றது, சிபி/எம்மை ஏற்கவில்லை. ஆகவே கில்டாலும் அவர் மனைவியார் டாரதியும் தாமே ஒரு நிறுவனம் கண்டு, அதற்கு ‘அண்டங்களிடை டிஜிட்டல் ரிசர்ச்’ எனப் பொருள்படும் பெயரிட்டனர். வீட்டிலிருந்து நடந்த வாணிகத்துக்கு அப்பெயர் சற்றே பெரிதுதான். பின்னர் ‘அண்டம்’ உதிர்ந்தது. டிஜிட்டல் ரிசர்ச் நின்றது. நிரலின் விலை 70 டாலர்.

இதுவரை கூறியதில் வியப்பு மிகுதியில்லை. வட்டினை ஆளும் நிரல்கள் பெருங்கணினிகளில் முன்னரே இருந்தன. கில்டாலின் உண்மைப் பெருமை இதற்குப் பின்னர் வருவது. 1975-க்குப்பின் சிறு கணினி செய்வோர் பலர் தோன்றினர். ஒருவர் பொறியின் வட்டு மற்றொருவர் பொறியின் வட்டினை ஒத்திராது, திரையும் ஒத்திராது, அச்சுப்பொறியும் ஒத்திராது. ஒவ்வொரு புதிய பொறிக்கும் நிரல் முழுவதையும் திருத்தி எழுத வேண்டியதாயிற்று. 1976-ஆம் ஆண்டளவில், இம்சாய் நிறுவனத்தின் கணினிக்கு மீண்டும் அவ்வேலை வந்தபோது, கில்டால் நிரலை இரண்டாகப் பிரித்தார். பொறிக்குப் பொறி வேறுபடும் பகுதியனைத்தையும் ஒரு மூலையிற் சேர்த்துப் பயாஸ் எனப் பெயரிட்டார். கோப்புகளை ஆளும் பகுதியும், பயனர் இடும் கட்டளையை வாங்கும் பகுதியும் எப்பொறியிலும் மாறாது நின்றன. ஏர் ஒன்றே, மண்ணுக்கேற்பக் கொழுவை மட்டும் மாற்றிக்கொள்வதுபோல என்க.

இச்சிறு பிரிவினையால் விளைந்த பயன் மிகப் பெரிது. பொறி செய்பவர் பயாஸ் ஒன்றை மட்டும் எழுதினாற் போதும். அதன்மேல் இயங்கும் நிரலை எழுதுபவரோ, தம் நிரல் யார் செய்த பொறியில் ஓடும் என்னும் கவலையே இன்றி எழுதலாம். 1978-இல் வெளிவந்த வேர்டுஸ்டார் என்னும் எழுத்து நிரலும், பின்வந்த டிபேஸ் என்னும் தரவு நிரலும் பல நிறுவனங்களின் கணினிகளில் ஓடியது இதனாலேயே. அதற்கு முன் நிரல் என்பது பெரும்பாலும் பொறியோடு ஒட்டிய உறுப்பு. அதற்குப்பின் அது கடையில் தனியே விற்கும் பண்டம். இன்று மென்பொருள் எழுதிப் பிழைக்கும் நம் பழைய மாணவர் பலரும் உண்ணும் சோற்றில் இப்பிரிவினையின் பங்கு சிறிதேனும் உண்டு எனக் கூறின் அது மிகையாகாது.

நிற்க. 1978-இல் இன்டெல் 8086 என்னும் புதிய செயலியை வெளியிட்டது. சியாட்டில் கம்ப்யூட்டர் புராடக்ட்ஸ் என்னும் சிறு நிறுவனம் அதற்கொரு பலகை செய்து விற்றது. அதில் ஓடத்தக்க சிபி/எம் வருமென்று காத்திருந்தனர், வரவில்லை. பொறுமை இழந்து, அந்நிறுவனத்தின் பொறியாளர் டிம் பேட்டர்சன், அப்போது 24 அகவையினர், 1980-இல் தாமே ஓர் இயங்குதளம் எழுதினார். ‘விரைவாகவும் ஒழுங்கின்றியும் செய்தது’ எனத் தம் நிரலுக்குத் தாமே பெயரிட்ட நேர்மையை நாம் மெச்சுகிறோம். பின்னர் அது 86-டாஸ் ஆயிற்று. சிபி/எம்முக்கு எழுதிய பழைய நிரல்களை எளிதில் மாற்றிக்கொள்ள வேண்டும் என்னும் நோக்குடன், சிபி/எம் கையேட்டிற் கண்ட பணிகளையே, எண்கள் பலவும் மாறாமல், அவர் அமைத்தார். ஒன்பதாம் பணி திரையில் ஒரு தொடரை எழுதுவது. அத்தொடர் டாலர் குறியோடு முடிதல் வேண்டும் என்பது சிபி/எம் விதி. டாஸிலும் ஒன்பதாம் பணி அதுவே. முடிவுக் குறியும் டாலரே. எனினும் வட்டில் கோப்புகள் இருக்கும் இடத்தை ஓர் அட்டவணையிற் குறித்து வைக்கும் வேறொரு முறையை அவர் கையாண்டார், அது கில்டாலுடையதன்று.

முதனூலைப் பெரும்பாலும் தழுவி, தன் காலத்துக்கு வேண்டிய வேறுபாட்டையும் சேர்த்துக்கொண்டு செல்வது வழிநூல் என்பது நன்னூல் கற்றோர் அறிந்ததே. 86-டாஸ் நல்ல வழிநூல். அதனைத் திருட்டு என்பாரோடு நாம் உடன்படவில்லை. கில்டாலுமே வெறுவெளியினின்று படைத்தாரல்லர். கோப்பினைப் படியெடுக்கும் அவருடைய கட்டளையின் பெயர், டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தின் பெரிய கணினிகளில் முன்னரே வழங்கிய பெயர்.

இனி விமானக் கதை. 1980-இல் ஐ.பி.எம். நிறுவனத்தார் பசிபிக் குரோவுக்கு வந்த நாளில் கில்டால் விமானத்திற் சென்றது உண்மை. விளையாட்டுக்கன்று, வாணிக அலுவலின்பொருட்டு. நிறுவனத்தின் ஒப்பந்தங்களைக் கவனித்து வந்தவர் டாரதியே. வந்தோர் நீட்டிய இரகசிய உடன்படிக்கையில் அவர் உடனே ஒப்பமிடவில்லை. பிற்பகல் நிகழ்ந்தது பற்றி அங்கிருந்தோர் கூற்றுகளே ஒன்றோடொன்று மாறுபடுகின்றன. படித்துப் பாராமல் ஒப்பமிடாத பெண்மணியை மதியிலி எனவும், தொழில்மேற் சென்ற கணவரைப் பொறுப்பற்றவர் எனவும் ஒரு பழங்கதை நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தூற்றி வருவது முறையா என வாசகரே கூறுக.

முடிவைத் தீர்மானித்தது விமானமன்று, விலை. மைக்ரோசாப்ட் 1980 டிசம்பரில் 25,000 டாலருக்கு 86-டாஸின் உரிமம் பெற்றது. 1981 ஜூலையில் மேலும் 50,000 டாலர் தந்து முழுமையும் வாங்கிற்று. 1981 ஆகஸ்ட் 12-இல் ஐ.பி.எம். தன் தனியாள் கணினியை வெளியிட்டது. ஒப்புமை கண்டு கில்டால் முறையிட, சிபி/எம்மையும் சேர்த்து விற்க ஐ.பி.எம். இசைந்தது. ஆனால் டாஸின் விலை 40 டாலர். 1982-இற் கடைக்கு வந்த சிபி/எம்மின் விலை 240 டாலர். வாங்குவோர் எதனை வாங்குவர்? அதனினும் பெரிய செய்தி, டாஸைப் பிற கணினி நிறுவனங்களுக்கும் விற்கும் உரிமையைக் கேட்ஸ் தம் கையிலேயே வைத்துக்கொண்டது. இஃது ஒப்பந்தக் கலையில் ஒப்பற்ற திறம். அத்திறத்துக்கு உரிய புகழை நாம் மறுக்கவில்லை. ஒப்பந்தம் செய்தவரை நூல் செய்தவராக்குவதையே மறுக்கிறோம்.

கில்டால் 1994-இல், 52-ஆம் அகவையில் மறைந்தார். அதற்கு முன்னரே, 1991-இல், அவருடைய நிறுவனம் நோவெல் கைக்குச் சென்றுவிட்டது. 2004-இல் வெளிவந்த ஒரு நூலில் ஹெரால்டு எவான்ஸ் என்னும் ஆசிரியர் கில்டாலின் பக்கம் நின்று எழுத, பேட்டர்சன் அவர்மீது அவதூறு வழக்குத் தொடுத்தார். 2007-இல் நீதிமன்றம் அதனைத் தள்ளிற்று. இவ்வினாவுக்கு நீதிமன்றம் ஏற்ற இடமன்று என்பது நம் கருத்து. ஏற்ற இடம் பாயிரம். சிறப்புப் பாயிரத்துள் கூறவேண்டியவை எட்டு என்ற நம் இலக்கணத்தார், ஆக்கியோன் பெயரை அடுத்து ‘வழி’யை வைத்தனர். இந்நூல் எந்நூலின் வழியே வந்தது எனக் கூறாத நூல் குறையுடைய நூல். பேட்டர்சன் தம் நிரலின் வழியை மறைத்தாரல்லர். ஏன் சிபி/எம்மைப் பின்பற்றினார் என்பதைத் தாமே வெளிப்படக் கூறியுள்ளார். நிரல் கைமாறிக் கைமாறிச் சென்றபோது, ஆக்கியோன் பெயர் இருந்த இடத்தில் விற்றவர் பெயர் ஏறிற்று, வழி உதிர்ந்துபோயிற்று.

2014-இல் பசிபிக் குரோவில் சிபி/எம்முக்கு ஒரு நினைவுப் பலகை பதித்தனர். அவ்வாண்டிலேயே கலிபோர்னியாவிலுள்ள கணினி வரலாற்று அருங்காட்சியகம், டாஸின் தொடக்கப் பதிப்புகளையும் சிபி/எம்மின் தொடக்கப் பதிப்புகளையும் மூல நிரல்களாகவே வெளியிட்டது. உ. வே. சாமிநாதையர் ஏடுகளை ஒப்புநோக்கியதுபோல இவ்விரண்டையும் பக்கத்திற் பக்கம் வைத்து ஒப்பிட வேண்டுவோர்க்கு இனித் தடையில்லை. நம் கணினித் துறை மாணவருள் யாரேனும் அதனைச் செய்து, நாம் ஈண்டு கூறியதை மறுத்து வரும் ஆண்டு இதழில் எழுதுவாராயின், முதலிற் படித்து மகிழ்வோர் தமிழ் வகுப்பினராகிய நாமே.