தீம் பார்க் க்யூவில் குழந்தை அழுதால்... மொபைலை நீட்டுவது மட்டும்தான் தீர்வா?

"இன்னும் எவ்ளோ நேரம்ப்பா?"

லீவு நாளில் எந்தத் தீம் பார்க் க்யூவில் நின்றாலும் காதில் விழுகிற கேள்வி இது. முதல் முறை கேட்டால் "இதோ வந்துருச்சுடா" என்று பதில் வரும். ஐந்தாவது முறை கேட்டால் அப்பாவின் பாக்கெட்டிலிருந்து மொபைல் வெளியே வரும். ஃபுல் வால்யூமில் கார்ட்டூன் ஓடும். குழந்தை கப்சிப். முன்னாலும் பின்னாலும் நிற்பவர்களுக்குத் தலைவலி ஆரம்பம்.

இது சின்ன விஷயம் மாதிரி தெரியலாம். ஆனால் திருச்சி மாவட்டத்தின் தெற்குக் கோடியில் மருங்காபுரி, துவரங்குறிச்சி பக்கம் இருக்கும் ஒரு குடும்பத்தின் கணக்கைப் போட்டுப் பாருங்கள். மதுரை பரவையில் இருக்கும் 'அதிசயம்' பார்க்குக்குப் போக காலையிலேயே வேன் பிடிக்க வேண்டும். 2025 டிசம்பரில் சென்னை அருகே இள்ளலூரில் திறக்கப்பட்ட வொண்டர்லா என்றால் முதல் நாள் ராத்திரியே கிளம்ப வேண்டும். வண்டி வாடகை, டிக்கெட், சாப்பாடு என்று பல மாதம் சேர்த்த பணம் ஒரே நாளில் கரையும். கூட்ட நாளில் அந்தப் பகல் பொழுதில் பாதிக்கு மேல் போவது ரைடில் இல்லை, சில நிமிட ரைடுக்காக நிற்கும் க்யூவில். அங்கே குழந்தைக்கு ஒரு அடி விழுந்தால், வீடு திரும்பிய பிறகும் அதுதான் ஞாபகம் இருக்கும்.

குழந்தைக்கு மட்டும் ஏன் நேரம் நகர மாட்டேங்குது?

காத்திருப்பவர்களின் மனநிலை பற்றி டேவிட் மைஸ்டர் என்ற மேலாண்மைப் பேராசிரியர் 1985-ல் எழுதிய கட்டுரை இன்றும் பேசப்படுகிறது. அவர் சொன்னது எளிமையானது. சும்மா நிற்கும் நேரம், ஏதாவது செய்துகொண்டு நிற்கும் நேரத்தைவிட நீளமாகத் தெரியும். எப்போது முடியும் என்று தெரியாத காத்திருப்பு இன்னும் நீளம். நியாயமில்லாத காத்திருப்பும் அப்படித்தான்.

நாலு வயசுக் குழந்தைக்கு இந்த மூன்றுமே சேர்ந்து அடிக்கிறது. பெரியவர்களுக்கு முன்னால் ரைடு தெரியும். குழந்தையின் கண்ணுயரத்தில் தெரிவது பெரியவர்களின் இடுப்பும் தோள்பையும்தான். "இருபது நிமிஷம்" என்றால் அதற்கு ஒன்றும் புரியாது. "இந்தக் கம்பி இன்னும் மூணு தடவை திரும்பும், அப்புறம் நம்ம டர்ன்" என்றால் புரியும். ஒவ்வொரு திருப்பத்திலும் அதுவே எண்ணும். வேலையும் கிடைத்தது, முடிவும் தெரிந்தது.

மொபைல் கொடுத்தால் தப்பா?

தப்பில்லை. இரண்டு முதல் நாலு வயசுக் குழந்தைகளுக்கு ஒரு நாளில் அசையாமல் உட்கார்ந்து பார்க்கும் ஸ்கிரீன் நேரம் ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது. நீண்ட க்யூவில் பத்து நிமிஷம் கொடுப்பதால் யாரும் மோசமான பெற்றோர் ஆகிவிட மாட்டார்கள்.

சிக்கல் சத்தத்தில் இருக்கிறது. ஒரு குழந்தையின் கார்ட்டூனை ஐம்பது பேர் கேட்க வேண்டிய அவசியம் இல்லை. ம்யூட்டில் போடலாம், சின்ன ஹெட்போன் மாட்டலாம். படிக்கட்டிலும் ஈரத் தரையிலும் திரையைப் பார்த்துக்கொண்டே நடக்க விடுவது ஆபத்து. ரைடு வாசலில் மொபைலை வெடுக்கென்று பிடுங்கினால் இரண்டாவது அழுகை நிச்சயம். அதோடு, வாட்டர் ரைடு என்றால் மொபைல் எப்படியும் லாக்கரில்தான் இருக்கும். அப்போது என்ன செய்வது?

கையில் ஒன்றும் இல்லாமல் விளையாட...

பஸ் பயணங்களில் ஒரு தலைமுறையே ஆடிய விளையாட்டுகள் க்யூவுக்கும் பொருந்தும். இலங்கை வானொலியில் பி.எச்.அப்துல் ஹமீது பிரபலமாக்கிய 'பாட்டுக்குப் பாட்டு' போதும், தணிந்த குரலில் பாடினால் சரி. விடுகதை போடலாம். "மனசுல ஒரு மிருகம் நினைச்சிருக்கேன், கண்டுபிடி" என்று ஆரம்பிக்கலாம். சிவப்புச் சட்டை எத்தனை என்று எண்ணச் சொல்லலாம், ஆனால் விரல் நீட்டாமல்.

பந்து, சோப்புக் குமிழி, தடுப்புக் கம்பியில் தொங்குவது, ஓடிப்பிடிப்பது இதெல்லாம் க்யூவுக்கு வேண்டாம். நெரிசலில் அடுத்தவர் மேல் மோதும், தரை வழுக்கும்.

இன்னொன்று. இந்த வேலை பெரும்பாலும் அம்மா தலையில்தான் விழுகிறது. அப்பா தன் போனில் ரீல்ஸ் தள்ளிக்கொண்டிருக்க, அம்மா மட்டும் கதை சொல்லிக்கொண்டிருந்தால் அது குடும்ப டூர் இல்லை, அம்மாவுக்கு ஓவர்டைம். ஒரு ரைடுக்கு அம்மா, அடுத்த ரைடுக்கு அப்பா என்று பிரித்துக்கொள்வது நியாயம்.

"கொஞ்சம் வழி விடுங்க, முன்னாடி எங்க ஆளு நிக்கிறாரு!"

ஒருவர் நின்று இடம் பிடிப்பார். கடைசி நேரத்தில் எட்டுப் பேர் கயிற்றுக்கு அடியில் நுழைவார்கள். "குழந்தை இருக்குல்ல" என்பது இதற்குக் காரணம் ஆகாது. பின்னால் நிற்பவர்களிடமும் குழந்தைகள் இருக்கிறார்கள்.

குழந்தைக்கு அவசரமாக பாத்ரூம் வந்தால் அது வேறு கதை. பின்னால் இருப்பவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, ஒருவர் மட்டும் கூட்டிப் போய்த் திரும்பினால் யாரும் முகம் சுளிக்கக் கூடாது. க்யூவில் சேரும் முன்பே பாத்ரூம், தண்ணீர் இரண்டையும் முடித்துவிட்டால் பாதிப் பிரச்சினை வராது.

பக்கத்தில் நிற்பவர்களுக்கும் ஒரு பங்கு

ஸ்ரீரங்கத்தில் வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்திலும் குழந்தைகள் அழத்தான் செய்கின்றன. அங்கே முன்பின் தெரியாத ஒரு பாட்டி "என்னடா கண்ணு, பேரென்ன?" என்று ஆரம்பித்துவிடுவார். பாதி அழுகை அங்கேயே நிற்கும். அதே மக்கள் தீம் பார்க்கில் காசு கொடுத்து நிற்கும்போது, "புள்ளைய அடக்கத் தெரியல" என்ற பார்வை வருகிறது. ஒரு சிரிப்பு போதும், அந்த அம்மாவுக்குப் பாதிப் பாரம் குறையும்.

ஆனால் கேட்காமல் கன்னத்தைக் கிள்ளுவது, சாக்லேட் கொடுப்பது வேண்டாம். அழும் குழந்தையை வீடியோ எடுத்துப் போடுவது கூடவே கூடாது.

பார்க் நடத்துபவர்களுக்கு இதில் வேலையே இல்லையா?

நிறைய இருக்கிறது. பல ரைடுகளுக்கு உயர வரம்பு உண்டு. அந்த அளவுகோலை ரைடு வாசலில் மட்டும் வைத்தால், முக்கால் மணி நேரம் நின்ற குழந்தை கடைசி நொடியில் திருப்பி அனுப்பப்படும். அந்த அழுகைக்கு எந்தப் பெற்றோரும் பொறுப்பில்லை. க்யூ தொடங்கும் இடத்திலேயே அளந்துவிட்டால் முடிந்தது. நிழல், குடிநீர், 'இங்கிருந்து இத்தனை நிமிடம்' என்ற பலகை, இவையும் சலுகை இல்லை, அடிப்படை வசதி.

அமெரிக்காவில் டிஸ்னியின் மேஜிக் கிங்டம் பார்க் 2012-ல் டம்போ ரைடைப் புதுப்பித்தபோது, காத்திருக்கும் குழந்தைகளுக்காகக் கூடாரத்துக்குள் விளையாட்டு இடம் அமைத்தது. அப்போது பெற்றோர் கையில் ஒரு பேஜர் கொடுத்தார்கள். அழைப்பு வந்ததும் எழுந்து போனால் போதுமாக இருந்தது. நம் ஊர் பார்க்குகள் பேஜர் கூடத் தர வேண்டாம், ஒரு மூலையில் நாலு சறுக்கு மரம் போடலாம்.

கூடுதல் காசு கொடுத்தவர்கள் தனி வழியில் முந்திப் போவதும் இப்போது சகஜம். "அவங்க மட்டும் ஏன்ப்பா போறாங்க?" என்று குழந்தை கேட்கும். "அவங்க வேற டிக்கெட் வாங்கியிருக்காங்க, நாம நம்ம டர்ன்ல போவோம்" என்று உண்மையைச் சொல்லிவிடலாம். ஆனால் இரண்டு வழியும் குழந்தையின் கண் முன்னே அருகருகே ஓட வேண்டுமா என்று நிர்வாகங்கள் யோசிக்கலாம்.

அடுத்த லீவுக்கு வேன் பிடிக்கும்போது ஸ்நாக்ஸ், தொப்பி, மாற்றுத்துணியோடு நாலு விடுகதையும் தயாராக இருக்கட்டும். லக்கேஜில் அதற்கு எடையே இல்லை.