வழுக்கை என்ன குற்றம்?

மயிர் உதிர்கிறதென்று மருந்து கேட்டு வருகிற பையனிடம், "தம்பி, இது ரத்தக் கொதிப்புக்காகப் பிறந்த மருந்து, பார்த்துத் தடவு" என்று சொல்லுகிற கடைக்காரர் ஒருவரை, வானூரிலிருந்து திண்டிவனம் வரையில் நான் இன்னும் சந்திக்கவில்லை. பணத்தை வாங்குகிறார்கள்; புட்டியைக் கொடுக்கிறார்கள். விளக்கெண்ணெய் விற்பதற்கும் இதற்கும் அவர்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை, தெரிந்தாலும் சொல்லுவதில்லை. இந்த மௌனத்தைத்தான் நான் குற்றம் என்கிறேன்.

மினாக்சிடில் என்பது மருந்தின் பெயர். 1979-ல் அமெரிக்காவில் அது மாத்திரையாக வந்தது, மற்ற மருந்துகளுக்கு அடங்காத ரத்தக் கொதிப்பை அடக்குவதற்கு. சாப்பிட்டவர்களுக்குக் கொதிப்பு அடங்கிற்று. கூடவே கையிலும் முகத்திலும் மயிர் முளைத்தது. கம்பெனிக்காரன் அந்த உபத்திரவத்தையே சரக்காக்கினான். 1988-ல் அதே மருந்து தலையில் தடவுகிற நீர்மமாகி, வழுக்கைக்கென்று அனுமதி பெற்றது. ஆக, மயிர் முளைப்பதே இந்த மருந்தின் பக்க விளைவு! அதை விலை கொடுத்து வாங்குகிறவனிடம், "இதற்குப் பக்க விளைவே கிடையாது" என்று சொல்லுவது எவ்வளவு பெரிய வேடிக்கை!

மருந்தை நான் விஷம் என்று சொல்லவில்லை. பரம்பரையாக வரும் வழுக்கையில் அது பலருக்குப் பலன் தருகிறது; நல்ல வைத்தியர்களும் எழுதிக் கொடுக்கிறார்கள். தடவியதில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான் தோலைத் தாண்டி ரத்தத்தில் சேருகிறது. ஆனால் அது ஒழுங்கான தோலுக்குச் சொன்ன கணக்கு. பொடுகைச் சொறிந்து புண்ணாக்கிக்கொண்ட தலையில், ஒரு வேளைக்கு 1 மில்லி என்பதை மறந்து, கை நிறைய ஊற்றித் தேய்த்தால் கணக்கு மாறிவிடும். படபடப்பு, தலைசுற்றல், மார்வலி, கால்வீக்கம் இவற்றில் எது வந்தாலும் உடனே நிறுத்திவிட்டு டாக்டரிடம் ஓட வேண்டும். அரிப்பும் செதிலும் அதைவிடச் சாதாரணம். மருந்தைக் கரைத்திருக்கும் புரொப்பிலீன் கிளைக்கால்தான் பல சமயம் அதற்குக் காரணம். பெண்களுக்கு நெற்றியிலும் கன்னத்திலும் மயிர் படரலாம். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கிறவர்களும் தவிர்க்க வேண்டும். மருந்து பட்ட இடத்தை நக்கிய பூனைகள் செத்திருக்கின்றன. 2019-ல் ஸ்பெயினில் வயிற்று மருந்தென்று தவறுதலாக இதைக் கொடுத்ததில், கைக்குழந்தைகளுக்கு உடம்பெல்லாம் மயிர் முளைத்தது. ஈரத் தலையோடு குழந்தையைத் தூக்கிக் கொஞ்சுகிற தகப்பனுக்கு இதையெல்லாம் யார் சொன்னார்கள்?

இன்னொன்று. தடவ ஆரம்பித்த முதல் சில வாரங்களில் மயிர் முன்னைவிட அதிகமாகக் கொட்டலாம். பழையது உதிர்ந்து புதியதற்கு இடம் விடுகிறது, தானே அடங்கிவிடும். இது தெரியாத பையன் பயந்துபோய் இரண்டு பங்கு தடவுகிறான். பலன் தெரிய நாலு மாதமாவது ஆகும். நிறுத்தினாலோ, முளைத்தது சில மாதங்களில் உதிர்ந்து போகும். ஆயுள் சந்தா என்று வைத்துக்கொள்ளுங்களேன்! காய்ச்சலில் கிடந்து எழுந்தவனுக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் கொட்டுகிற மயிர் பெரும்பாலும் தானாகவே முளைத்துவிடும். அவர்களையும் பிடித்து இந்தச் சந்தாவில் சேர்த்துவிடுகிறார்கள்.

"எல்லாம்தான் அச்சடித்து உள்ளே வைத்திருக்கிறதே!" என்பார்கள். வைத்திருக்கிறது, ஐயா, எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில், இங்கிலீஷில் வைத்திருக்கிறது. மல்லாட்டை போடுகிற குடியானவரின் மகன் அதைப் படித்து அர்த்தம் பண்ணிக்கொண்டு தடவ வேண்டும் என்பது நியாயமா?

புட்டியில் பெயராவது இருக்கிற மருந்தின் கதை இது. பெயரே இல்லாத எண்ணெய்களின் கதை இன்னும் மோசம். 2025 மார்ச்சில் பஞ்சாபின் சங்ரூரில், ஒரு கோயிலில் முகாம் போட்டு, வழுக்கை போக்குவதாக எதையோ தலையில் தடவினார்கள். 60 பேருக்கு மேல் கண் எரிந்து சிவந்து ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். தலையில் மயிர் கேட்டவன் கண்ணைப் பறிகொடுக்கப் பார்த்தான்! சட்டம் இல்லாமலா இதெல்லாம் நடக்கிறது? 1945-ஆம் வருஷத்து மருந்து விதிகளின் ஜே அட்டவணையில் வழுக்கையும் இருக்கிறது, புது மயிர் முளைப்பதும் இருக்கிறது. இவற்றைக் குணப்படுத்துவதாக எந்த மருந்தும் உரிமை கொண்டாடக் கூடாது என்பதுதான் விதி. விதி புத்தகத்தில் இருக்கிறது. விளம்பரம் தெருவில் இருக்கிறது.

இத்தனைக்கும் வேர் எங்கே? பெண் வீட்டார் பையனின் குணத்தை விசாரிக்குமுன் நெற்றியை அளக்கிறார்களே, அங்கே இருக்கிறது. திருப்பதியில் மொட்டை போட்டுக்கொண்டு வந்தவனைக் கும்பிடுகிற நாம், இயற்கை போட்ட மொட்டையைப் பார்த்துச் சிரிக்கிறோம். எங்கள் வானூர் வட்டத்துத் திருவக்கரையில், சுமார் 2 கோடி வருஷத்து மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. ஓர் இலை கிடையாது. ஊர் ஊராக வந்து அதிசயித்துப் பார்க்கிறார்கள். மனிதன் மட்டும் நாலு மயிர் போனதற்கு நாணிக் கோண வேண்டுமாம்!

தடவுகிறவன் தடவட்டும், அது அவன் தலை. ஆனால் விற்கிறவன் அவனிடம் நாலு வார்த்தை தமிழில் சொல்லிவிட்டு விற்கட்டும். எவ்வளவு தடவுவது, எதைக் கண்டால் நிறுத்துவது, யார் தொடக் கூடாது, நிறுத்தினால் என்ன ஆகும் என்ற இந்த நாலைச் சொல்ல ஒரு நிமிஷம் போதும். அந்த ஒரு நிமிஷத்தில் வியாபாரம் படுத்துவிடும் என்றால், அந்த வியாபாரம் படுக்கட்டும்.