தாயின் கலக்கமும் வயிற்றுச் சிசுவும்

பிள்ளைத்தாய்ச்சியைக் கலங்கவிடலாகாது என்று எம்மூர் முதியோர் சொல்வர். அதனை வெறும் நம்பிக்கையென்று தள்ளிவிட முடியாதபடி சான்றுகள் வந்துள்ளன. அவற்றுள் ஒன்று நாம் வாழும் இதே கலிபோர்னியாவுக்குரியது. 2001 செப்டெம்பர் 11 தாக்குதலின் பின்னர் அரபு மக்கள் சந்தேகக் கண்கொண்டு பார்க்கப்பட்டனர். அதன்பின் வந்த ஆறு மாதங்களில், இம்மாநிலத்தில் அரபுப் பெயருடைய தாய்மாரிடையே குறைமாதப் பிரசவமும் நிறைகுறைந்த குழந்தைகளும் ஓராண்டுக்கு முந்திய அதே மாதங்களைவிட அதிகரித்தன. ஏனைய இனத்துப் பெண்களிடம் அம்மாற்றம் இல்லை.

அயோவா மாநிலத்துப் போஸ்ட்வில் என்னும் சிற்றூரில் 2008 மே 12 அன்று குடிவரவு அதிகாரிகள் இறைச்சித் தொழிற்சாலையொன்றைச் சுற்றிவளைத்து 389 பேரைக் கைதுசெய்தனர். அதன்பின் அம்மாநிலத்து லத்தீன் அமெரிக்க வழிவந்த தாய்மாருக்கு நிறைகுறைந்த குழந்தை பிறக்கும் வாய்ப்பு முந்திய ஆண்டைவிட 24 சதவீதம் உயர்ந்தது. அமெரிக்காவிலேயே பிறந்த பெண்களும் இதற்கு விலக்கல்லர். சுற்றிவளைப்பு என்ற சொல்லை எம்மவருக்கு விளக்கவேண்டியதில்லை.

கனடாவின் கியூபெக்கில் 1998 ஜனவரியில் பெய்த உறைபனி மழையால் சில வீடுகள் ஒரு மாதத்துக்கு மேலாக மின்சாரமின்றிக் கிடந்தன. அப்போது கூடுதலாகத் துன்புற்ற கர்ப்பிணிகளின் பிள்ளைகள் ஐந்தரை வயதிலும் மொழித்திறனில் சற்றுப் பின்தங்கியிருந்தனர்.

அச்சத்தின்போது தாயின் குருதியில் கோர்ட்டிசோல் என்னும் சுரப்பு மிகுகின்றது. சூல்வித்தகம் அதன் பெரும்பகுதியைச் சிதைத்துவிடும். கலக்கம் நீடிப்பின் அக்காப்பு தளரக்கூடும். எனினும் இவையெல்லாம் பலரைச் சேர்த்துக் கணித்த சராசரிகளே. எந்தவொரு தாயின் விதியுமல்ல. பிறந்தபின் தாயோடு உறுதியான பாசப்பிணைப்புக் கொண்ட குழந்தைகளிடம் இத்தகைய பாதிப்புத் தென்படவில்லையென 2010 இல் வெளியான பிரித்தானிய ஆய்வு கூறுகின்றது. ஆகவே, "நீ அழுதால் பிள்ளைக்குக் கூடாது" என்று மருமகளை அதட்டும் மாமியார் நன்மை செய்யவில்லை.

இருவர் உழைத்தும் வாடகைக்குத் திண்டாடும் குபெர்டினோவில், அகதி விண்ணப்பத்துக்குப் பதில் வராத வீட்டில், கலங்காதே என்பது எளிது. கலக்கத்தின் காரணத்தைக் குறைப்பதே கணவனின் கடமை. ஊர்ச் செய்தியை மறைத்துக் குசுகுசுப்பதும் உதவாது. அவள் அதைவிட மோசமாகக் கற்பனை செய்வாள்.

கர்ப்பிணிகளின் மனநிலையைப் பரிசோதிக்க முன்வரவேண்டுமென 2019 ஜூலை முதல் இம்மாநிலச் சட்டம் மகப்பேற்று வைத்தியர்களைப் பணிக்கின்றது. அங்கே எம் பெண்கள் "ஒரு குறையுமில்லை" என்கின்றனர். கணவன் மொழிபெயர்த்தால் வேறென்ன சொல்வார்கள்? கட்டணமின்றி உரைபெயர்ப்பாளரைக் கேட்டுப்பெறுங்கள். 1-833-852-6262 என்ற தேசிய தொலைபேசி இலக்கத்தில் இரவுபகலாக இலவச ஆலோசனை கிடைக்கும், உரைபெயர்ப்பும் உண்டு.