தீர விசாரிப்பதே மெய்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி. இயற்பியல் மாணவர்)

"விமானத்தில் ஏறியிராத நீ விமானப் பாதுகாப்பைப் பற்றி எழுதலாமா?" என்று நண்பர்கள் கேட்கக்கூடும். பந்தல்குடியில் எங்கள் குடும்பத்திலிருந்து கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். விமானப் படியில் எங்களில் எவரும் இன்னும் கால் வைத்ததில்லை. ஆயினும், கண்ணைக் கட்டிக்கொண்டு பானை உடைக்கப் போனவன் என்ற தகுதி எனக்கு உண்டு!

பொங்கல் விளையாட்டில் என் கண்ணைக் கட்டி, மூன்று சுற்றுச் சுற்றி விட்டார்கள். பானை நேர் எதிரே இருப்பதாக உறுதியாக நம்பி ஓங்கி அடித்தேன். அடி விழுந்தது பெரியப்பாவின் சைக்கிளில். ஊரே சிரித்தது. நான் ஏன் ஏமாந்தேன் என்பது பிற்பாடு நூலகத்தில்தான் விளங்கியது.

நம் உட்காதில் மூன்று அரைவட்டக் குழல்கள் உள்ளன. அவற்றிலுள்ள திரவத்தின் அசைவைக் கொண்டே உடல் திரும்புவதை மூளை அறிகிறது. ஒரே சீராகச் சுற்றிக்கொண்டிருந்தால் அத்திரவமும் உடலோடு சேர்ந்து சுற்றத் தொடங்கிவிடும். சுற்றுகிற உணர்வே போய்விடும். நின்றாலோ, எதிர்ப்பக்கம் சுற்றுவதாகத் தோன்றும். தரையில் இது வேடிக்கை. மேகத்துக்குள் இதுவே எமன். அடிவானம் மறைந்தபின், விமானம் ஒருபக்கம் சாய்ந்து சுருள்சுருளாக இறங்கினாலும், நேராகப் பறப்பதாகவே உடல் சாதிக்கும்.

1954-இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில், கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டப் பழகாத 20 விமானிகளை, மேகத்துக்குள் நுழைந்தாற்போன்ற நிலையில் பறக்கவிட்டுச் சோதித்தனர். இருபது பேருமே கட்டுப்பாட்டை இழந்தனர். சராசரியாகத் தாக்குப்பிடித்தது 178 வினாடி. மூன்று நிமிடம்கூட இல்லை! ஆனால் சிறிது பயிற்சி அளித்ததும், கருவியைப் பார்த்தே விமானத்தைத் திருப்பி வெளியேற அவர்கள் கற்றுக்கொண்டனர். மனிதனைக் காப்பது துணிச்சலன்று, பயிற்சியே என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அந்தக் கருவிகளில் முதன்மையானவற்றின் உள்ளே இருப்பது நம் பம்பரத்தின் தத்துவமே. வேகமாகச் சுழலும் சக்கரம் தன் அச்சின் திசையை எளிதில் மாற்றாது. 1929-லேயே ஜிம்மி டூலிட்டில் என்பவர், வெளியே எதுவும் தெரியாதபடி மூடிய இருக்கையில் அமர்ந்து, கருவிகளின் துணையால் மட்டுமே ஏறிப் பறந்து இறங்கிக் காட்டினார்.

அப்படியாயின் விபத்துகள் ஏன்? 1971 டிசம்பர் 9 அன்று திருவனந்தபுரத்திலிருந்து மதுரைக்கு வந்த ஆவ்ரோ விமானம், பட்டப்பகலில், பார்வை மங்கிய வானிலையில் சின்னமனூர் அருகே மலையில் மோதியது. 31 பேரில் 21 பேர் மாண்டனர். 2021 டிசம்பர் 8 அன்று குன்னூர் அருகே ஹெலிகாப்டர் விழுந்து, முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் உள்ளிட்ட 14 பேரை இழந்தோம். எதிர்பாராது மாறிய வானிலையில் மேகத்துக்குள் நுழைந்ததால் விமானியின் நிலையுணர்வு தடுமாறியது என்றது விசாரணை. தேர்ந்தவர்க்கும் மேகம் மேகமே.

கருவியும் பொய் சொல்வதுண்டு. 1978 ஜனவரி 1 இரவு, பம்பாயிலிருந்து புறப்பட்ட ஏர் இந்தியா போயிங் விமானத்தில் தலைமை விமானியின் சாய்வுகாட்டி பழுதானது. மற்றக் கருவிகள் சரியாகவே காட்டின. பழுதானதை நம்பி அவர் விமானத்தைச் சாய்க்க, 213 உயிர்கள் கடலில் மூழ்கின. கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று நம் பெரியவர்கள் சொன்னது விமானிக்கே சொன்னது போல இல்லையா? ஒரு கருவியை மற்றொரு கருவியோடு ஒத்துப்பார்ப்பதே அவனது விசாரணை.

என் சித்தப்பா வேன் ஓட்டுகிறார். ஒரு தை மாத விடியலில் கல்யாண வீட்டாரோடு போகையில் தூத்துக்குடிச் சாலையைப் பனி மூடியது. வண்டியை ஓரங்கட்டினார். "முகூர்த்தம் தப்பிரும்யா, மெல்ல உருட்டு" என்று ஆளாளுக்கு ஏசினார்கள். "ரோடு தெரியல மாமா. தெரிஞ்சாத்தான் எடுப்பேன்" என்றார். முகூர்த்தத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்தோம். ஆனால் அந்த வீட்டார் அதன்பின் அவர் வண்டியைக் கூப்பிடவேயில்லை. அன்று முகம் சுளித்தவர்களில் நானும் ஒருவன்; இன்று வெட்கப்படுகிறேன்.

சிறு விமானத்திலும் ஹெலிகாப்டரிலும் விமானியின் முதுகுக்குப் பின்னாலேயே பயணி அமர்கிறார். அவர் பெரிய மனிதராக இருந்தால், 'முடியாது' என்று சொல்ல விமானிக்கு எத்தனை நெஞ்சுரம் வேண்டும்! ஆகவே என் கருத்து இதுதான். உரிமம் பெறுவதோடு கருவிப் பயிற்சி முடிந்துவிடக் கூடாது. அது ஓயாமல் தொடர வேண்டும். வானிலை கண்டு திரும்பி வரும் விமானியை எவரும் கேள்வி கேட்கக் கூடாது.

நண்பர்களே! நம்மில் யாரேனும் நாளை விமானி ஆகலாம். பலர் பயணிகளாவது ஆவோம். அன்று, "இன்று பறக்க இயலாது" என்று ஒருவர் சொன்னால், கடிகாரத்தைப் பார்க்காமல் அவருக்கு நன்றி சொல்வோமாக!