கொழுந்தும் குருத்தணுவும்

கந்தப்பளை மேட்டில் நின்று காலைப்பனி விலகக் காண்போருக்கு ஒரு காட்சி தவறுவதில்லை. சரிவெங்கும் தேயிலைச் செடிகள். அவற்றினிடையே கூடை சுமந்த தாய்மார். அப்பால், ஒரு காலத்தில் கொழுந்தை வாட்டி உருட்டி உலர்த்திய ஹெதர்செட் தொழிற்சாலை. 1990களில் அது சுற்றுலா விடுதியாயிற்று. பழைய இயந்திரம் இன்று அங்கே காட்சிப்பொருள். கொழுந்து பறிக்கும் கையோ இன்னும் ஓயவில்லை. இயந்திரம் வந்தால் யாருக்குப் பயன் என்ற வினாவை மலையகம் ஏட்டிற் படித்து அறிந்ததன்று, வாழ்ந்து அறிந்தது. அவ்வினாவே இன்று மருத்துவ உலகில் புதிய வடிவில் எழுந்துள்ளது.

நம் உடம்பில் ஒருவகைக் கலங்கள் உள. தாமும் பெருகி, வேறு கலங்களாகவும் மாற வல்லவை அவை. ஆங்கிலப் பெயரை அப்படியே பெயர்த்துத் 'தண்டுக்கலம்' என்பாரும் உளர். 'குருத்தணு' என்பாரும் உளர். கொழுந்தோடு பழகிய நமக்குப் பின்னைய சொல்லே பொருள் விளக்குவதாகத் தோன்றுகிறது. இனி எதுவாகவும் விரியக்கூடியது எதுவோ அதுவே குருத்து அன்றோ? 2006இல் ஜப்பானிய அறிஞர் ஷின்யா யமனாக்கா, முதிர்ந்த எலிக் கலங்களையே மீண்டும் குருத்து நிலைக்குத் திருப்பிக் காட்டினார். மறு ஆண்டு மனிதக் கலங்களிலும் அது கைகூடிற்று. 2012இல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது.

ஆயின், ஆய்வுகூடத்தில் முளைத்தது நோயாளியின் படுக்கையைச் சேர்வது எளிதன்று. கலங்களை 37 பாகை வெப்பத்தில் குழந்தையைப் போற் பேணவேண்டும். உணவுக் கரைசலை மாற்றவேண்டும். ஒரு கிருமி புகுந்தாலும் உழைப்பு முழுதும் பாழ். தேர்ந்த கைகள் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் இதனைச் செய்கின்றன. கைக்குக் கை பக்குவமும் வேறுபடுகிறது. 2014இல் ஜப்பானின் கோபே நகரில் நோயாளி ஒருவருக்கு அவருடைய கலங்களிலிருந்தே விழித்திரைப் படலம் ஆக்கிப் பொருத்தினர். அதற்குச் சுமார் 10 கோடி யென் செலவாயிற்று என்றனர். இவ்விலையில் வரும் மருந்து ஏழைக்கு வானத்து நிலவே.

இதனாலேதான் தன்னியக்க உற்பத்தியை அறிவியலார் நாடுகின்றனர். மூடிய குழாய்களுக்குள்ளே கரைசல் தானே மாறும். கருவி கலங்களைப் பிரித்தெடுக்கும். ஒளிப்படக் கண் அவற்றின் வளர்ச்சியைக் காக்கும். மனிதக் கை படாமையால் தூய்மை மிகும். ஒரே தரம் நிலைக்கும். காலப்போக்கில் விலையும் இறங்கலாம். 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தம் வீட்டுத் தாழ்வாரத்தில் கையால் உருட்டத் தொடங்கிய தேயிலை, உருட்டும் இயந்திரம் வந்த பின்னரே உலகத்தின் கோப்பையை அடைந்தது. அதனை எண்ணிப் பார்த்தால் இம்முயற்சியின் நியாயம் விளங்கும்.

தமிழகமும் இத்துறையிற் பின்தங்கி நிற்கவில்லை. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் எலும்பு மச்சை மாற்றுச் சிகிச்சை 1986 முதல் நடைபெறுகிறது. ஹீமோபீலியா என்னும் குருதி உறையா நோயுடைய ஐவருக்கு, அவர்களுடைய குருதியாக்கும் குருத்தணுக்களை எடுத்து, குறைபட்ட மரபணுவுக்கு ஈடான நல்லதொன்றைச் சேர்த்து, மீண்டும் உடலிற் செலுத்தினர் அங்குள்ள மருத்துவர்கள். அதன்பின் அவதானித்த காலமெல்லாம் ஐவருக்கும் குருதிக்கசிவு நேரவில்லை என்ற செய்தி 2024 டிசம்பரில் வெளியாயிற்று.

எனினும் மகிழ்ச்சியில் மயங்கிவிடலாகாது. தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிலையம் தேர்ந்தெடுத்த தாய்ச்செடியின் ஓரிலைத் துண்டுகளிலிருந்து ஆயிரமாயிரம் கன்றுகள் பிறப்பதை நாம் அறிவோம். 'வி.பி.' கன்றுகள் என்பர் தோட்டத்தார். தாயின் சிறப்பு அனைத்துக்கும் வரும். தாயின் குறையும் அனைத்துக்கும் வரும். கலங்களும் அவ்வாறே. கோபேயில் இரண்டாம் நோயாளிக்கென ஆக்கிய கலங்களில் மரபணு மாற்றங்கள் தென்பட்டமையால் சிகிச்சையை நிறுத்தினர். இயந்திரம் நன்மையைப் பெருக்குவது போலவே பிழையையும் பெருக்கும். அதனை நிறுத்தும் துணிவு மனிதனிடமே இருத்தல் வேண்டும். 'குருத்தணு' என்ற பெயரைச் சொல்லி, மெய்ப்பிக்கப்படாத சிகிச்சையை விற்போரும் உலகில் மலிந்துவிட்டனர். நம்பிக்கை இழந்த நோயாளியே அவர்களுடைய சந்தை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். இயந்திரம் செலவைக் குறைக்கும். விலையைக் குறைப்பது மனிதர் மனம். உருட்டும் இயந்திரம் வந்ததனால் கொழுந்தெடுத்தவளின் லயத்து அறை அகன்றுவிடவில்லை. தோட்டங்கள் பலவற்றில் நோயாளியை இன்றும் முதலிற் காண்பவர் பட்டம் பெற்ற வைத்தியர் அல்லர், மருத்துவ உதவியாளரே. அவ்வாசலைத் தாண்டாத பிள்ளைக்குக் குருத்தணுச் சிகிச்சையின் பெயர்கூட எட்டாது. இலவச மருத்துவத்தைக் கொள்கையாகக் கொண்ட நாட்டில், இப்புது மருத்துவம் வரும் நாளில் அது அரசாங்க மருத்துவமனை வழியாக அனைவருக்கும் வரவேண்டும் என இன்றே கேட்பது மிகையாகாது.

ஆசிரியர்களே, இதில் உங்கள் பங்கு பெரிது. கலம், இழையம் என்ற சொற்களைப் பரீட்சைக்காக மட்டும் கற்பிக்காதீர்கள். பாடசாலைக்கு வெளியே கிடக்கும் கொழுந்தைக் காட்டிக் குருத்தணுவை விளக்குங்கள். எழுத்தாளர்களும் இவ்வறிவைத் தாய்மார்க்குப் புரியும் தமிழில் தரட்டும். கூடை சுமக்கும் தாயின் மகள் நாளை அந்த இயந்திரத்தை இயக்குபவளாகவும், அதன் பிழையைக் கண்டு நிறுத்துபவளாகவும் விளங்கவேண்டும். அந்நாளில்தான் இயந்திரம் மலையகத்துக்கும் உரியதாகும்.